மூன்றே நாளில் ஓடிப்போகும் வயிற்றுவலி!

'வயித்து வலி வந்துச்சு, மூணு நாள் படுத்தி எடுத்துச்சு, அப்புறம் தானாவே போயிடுச்சு!' - இப்படி யாராவது சொன்னால் நாம் என்ன செய்வோம்? 'போச்சுல்ல, விடு' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். பெரும்பாலான வயிற்றுவலிக்கு அது சரிதான். ஆனால், தானாகப் போவதாலேயே ஆபத்தான ஒரு வயிற்றுவலி இருக்கிறது. பரம்பரையாக வருவது. மத்தியதரைக் கடலைச் சுற்றியும் அந்த வட்டாரத்தை ஒட்டியும் உள்ள துருக்கி, ஆர்மீனியா, இஸ்ரேல், லெபனான் போன்ற நாடுகளில் டாக்டர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றாகத் தெரிந்த நோய். பெயர், 'ஃபெமிலியல் மெடிட்டரேனியன் ஃபீவர்'. குடும்பவழி மத்தியதரைக் கடல் காய்ச்சல் என்று சொல்லலாம். துருக்கியில் சுமார் 1000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறது.

'எங்கேயோ இருக்கிற நோயைப் பற்றி எங்களுக்கு எதற்கு சார் பாடம்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இரண்டு காரணம். ஒன்று, வயிற்றுவலியை எப்படிப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இரண்டாவது, இந்த நோய்க்கான மருந்து நம்மூர் வயல்களில் விளைகிறது! அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அங்காராவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பையன். காலையில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவன் மாலையில் சுருண்டு படுக்கிறான். காய்ச்சல் 102, 103 டிகிரி. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது. தொட்டால் அலறுகிறான். மலம் போகவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது, வலி விடுகிறது, பசிக்கிறது என்கிறான். நாலாம் நாள் பள்ளிக்கூடம் போய்விடுகிறான். மூன்று வாரமோ, இரண்டு மாதமோ கழித்து மறுபடியும் அதே கதை. 12 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை. அதற்கு மேல் பெரும்பாலும் நீடிப்பதில்லை. நடுவில் இருக்கும் நாட்களில் பையனைப் பார்த்தால் நோயாளி என்றே சொல்ல முடியாது.

பரீட்சை பயம், பள்ளிக்கூடம் போகாமலிருக்க நாடகம் என்று பிள்ளையை அடித்த பெற்றோர்களும் உண்டு. பாவம்.

வலி எங்கிருந்து வருகிறது? நம் குடல், கல்லீரல் எல்லாவற்றையும் போர்த்தி, வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தையும் மூடியிருக்கும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. பெரிட்டோனியம் என்பார்கள். அந்தச் சவ்வில்தான் அழற்சி. இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் வயிற்றில் இந்தத் தொந்தரவு வந்தே தீரும். சிலருக்கு நெஞ்சுச் சவ்வில் வந்து மூச்சு இழுத்தால் குத்தும். சிலருக்கு முழங்கால், கணுக்கால் வீங்கும். காலின் கீழ்ப்பகுதியில் அக்கி மாதிரி சிவந்து தடிப்பதும் உண்டு.

கிருமி எதுவும் கிடையாது என்பதுதான் வேடிக்கை. நம் உடம்பில் 'பைரின்' என்று ஒரு புரதம். கூர்க்கா மாதிரி. கிருமி உள்ளே நுழைந்தால் விசில் ஊத வேண்டியது அதன் வேலை. விசில் கேட்டதும் வெள்ளணுக்கள் ஓடிவந்து சண்டை போடும். அதனால்தான் வீக்கம், காய்ச்சல், வலி. இந்தப் பைரினுக்கான ஜீனில் கோளாறு இருந்தால், திருடன் வராமலேயே கூர்க்கா 'திருடன், திருடன்' என்று விசில் ஊதுவான். தெருவே எழுந்து வந்துவிடும். இரண்டு நாள் கலாட்டா. அப்புறம் ஒன்றுமில்லை என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாதவிலக்கு, மனக்கவலை, குளிர், நீண்ட பிரயாணம் இவற்றை ஒட்டி வலி கிளம்புவதாகப் பலர் சொல்கிறார்கள். காரணமே இல்லாமலும் கிளம்பும்.

இந்த ஜீனை 1997-ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. ஒரு குழு, கிரேக்க மொழியில் நெருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'பைரின்' என்று பெயர் வைத்தது. பிரெஞ்சுக் குழு, 'நம் கடல்' என்ற பொருள் வரும் லத்தீன் சொற்களிலிருந்து 'மாரெனோஸ்ட்ரின்' என்றது. நெருப்புதான் ஜெயித்தது!

நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கோளாறான ஜீன் வர வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் நோய் வராது. ஆனால் அவர் அதைச் சுமந்துகொண்டிருப்பார். இப்படிச் சுமக்கும் இருவர் கல்யாணம் செய்துகொண்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. அங்கேயும் நம்மைப் போலச் சொந்தத்தில் கல்யாணம் செய்கிற வழக்கம் உண்டு. அது இந்த வாய்ப்பைக் கூட்டிவிடுகிறது. துருக்கியர், ஆர்மீனியர்களிடம் ஏறக்குறைய 5 பேரில் ஒருவர் இந்த ஜீனைச் சுமக்கிறார்! ஏன் இவ்வளவு பேர்? 2020-ல் வெளியான ஓர் ஆய்வு சுவாரஸ்யமான பதில் சொல்கிறது. பிளேக் கிருமி நம் கூர்க்காவின் வாயைப் பொத்திவிட்டுத்தான் உள்ளே நுழையுமாம். இந்த ஜீன் மாற்றம் உள்ளவர்களிடம் அந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. பழைய பிளேக் காலங்களில் பாட்டனாரைக் காப்பாற்றியதுதான் இன்று பேரனின் வயிற்றைப் பிசைகிறது போலும்.

கத்தியும் கையும்

இறுகிய வயிறு, காய்ச்சல், வாந்தி, ரத்தத்தில் வெள்ளணு அதிகம். இதைப் பார்த்தால் எந்த சர்ஜனுக்கும் முதலில் என்ன தோன்றும்? குடல்வால் அழற்சி! அப்பெண்டிஸைட்டிஸ். உடனே ஆபரேஷன். திறந்து பார்த்தால் குடல்வால் நன்றாகவே இருக்கும். இப்படி வீணாக வயிறு கிழிக்கப்பட்டவர்கள் அந்த நாடுகளில் நிறைய. சிலருக்கு இரண்டு, மூன்று தடவைகூட. சர்ஜனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நிஜமான குடல்வால் அழற்சியைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து அல்லவா?

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சவ்வு அடிக்கடி அழற்சி அடைந்தாலும், வயிற்றைத் திறந்து மூடினாலும், உள்ளே குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் குடல் மடங்கி அடைத்துவிடலாம். பெண்களுக்குக் கருக்குழாய் ஒட்டிக்கொண்டு குழந்தை தங்குவது தடைபடலாம். ஆகவே, 'இவனுக்கு எப்போதும் வருகிற வலிதானே' என்று வீட்டில் இருந்துவிடவும் கூடாது. வயிறு உப்பிக்கொண்டே போனால், வாந்தி நிற்காமல் பச்சையாக வந்தால், காற்றுகூடப் பிரியாவிட்டால், மூன்று நாள் தாண்டியும் வலி விடாவிட்டால், வழக்கமான மாதிரி இல்லை என்று நோயாளியே சொன்னால், உடனே ஆஸ்பத்திரி. இந்த நோய் உள்ளவருக்கு நிஜமான குடல்வால் அழற்சி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே!

இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வயிற்றுவலி என்றதும் நாம் செய்வது என்ன? 'மலம் கட்டியிருக்கு' என்று விளக்கெண்ணெய். பேதி மாத்திரை. 'குடலேற்றம்' என்று சொல்லி எண்ணெய் தடவி உருவுவது. 'தொக்கம்' எடுப்பது. வயிறு பலகையாக இறுகி, காய்ச்சலும் இருக்கும்போது இவற்றில் எதையும் செய்யாதீர்கள். பேதிக்குக் கொடுப்பது எங்கள் வைத்தியத்தில் முக்கியமான சிகிச்சைதான். ஆனால் எந்த வயிற்றுக்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்த பிறகுதான் அதைக் கையில் எடுக்க வேண்டும். உள்ளே குடல்வால் பழுத்திருந்து நீங்கள் உருவிவிட்டால் அது உடைந்துவிடும். உள்ளே அடைப்பு இருந்து பேதி கொடுத்தால் நிலைமை கெட்டுவிடும். காரணம் தெரியாத வயிற்றின் மேல் கை வைக்காதீர்கள்.

'தீங்கற்றது' என்று பெயர் வைத்தார்கள்!

1945-ல் நியூயார்க்கில் ஷெப்பர்ட் சீகல் என்ற டாக்டர் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். வந்து வந்து போகிறது, நோயாளி ஒவ்வொரு முறையும் எழுந்து நடமாடுகிறார் என்பதால், 'தீங்கற்ற, விட்டுவிட்டு வரும் பெரிட்டோனிய அழற்சி' என்று பெயர் கொடுத்தார். பெயர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'தீங்கற்ற' என்ற அந்த ஒரு வார்த்தை நிலைக்கவில்லை. 1952-ல் பிரான்ஸில் மாமூ, கத்தான் என்ற இரு டாக்டர்கள் இதே நோயாளிகளின் சிறுநீரகம் கெடுவதை எடுத்துச் சொன்னார்கள்.

என்ன நடக்கிறது? அழற்சி ஏற்படும்போதெல்லாம் கல்லீரல் ஒருவகைப் புரதத்தை ஏராளமாக ஊற்றுகிறது. வலி இல்லாத நாட்களிலும் சிலருக்கு இது சத்தமில்லாமல் ஊறிக்கொண்டே இருக்கும். அந்தப் புரதத்தின் துணுக்குகள் கரையாமல் மெழுகு மாதிரி உறுப்புகளில் படிகின்றன. 'அமிலாய்டு' என்று பெயர். முதலில் மாட்டிக்கொள்வது சிறுநீரகம். சிறுநீரில் புரதம் ஒழுகும். முகம், கால் வீங்கும். கடைசியில் சிறுநீரகம் நின்றுபோகும். மருந்து இல்லாத காலத்தில் 40 வயதுக்குள் இப்படிப் போனவர்கள் ஏராளம்.

ஜீரணப் பாதையும் தப்புவதில்லை. குடல் சுவரில் அமிலாய்டு படிந்தால் சாப்பாட்டுச் சத்து உள்ளே இறங்காது. நாள்பட்ட பேதி, உடல் மெலிவு, சில சமயம் ரத்தக்கசிவு. அமிலாய்டு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மலக்குடலிலிருந்து துளியூண்டு சதை எடுத்துப் பரிசோதிக்கும் வழக்கம்கூட உண்டு.

வலியின் கடுமைக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் நேர்க் கணக்கு கிடையாது. மாதாமாதம் துடித்தவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கலாம். எப்போதோ லேசாக வலித்தவருக்குப் போய்விடலாம். ஆகவே வலியை மட்டும் வைத்து நோயை அளக்க முடியாது. அதனால்தான் அங்கே நோயாளிகளுக்கு வலி இல்லாத காலத்திலும் சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். சாதாரண, மலிவான பரிசோதனைதான்.

பழைய மருந்து, புது வேலை

1972-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஸ்டீபன் கோல்ட்ஃபிங்கர், தினமும் கோல்சிசின் மாத்திரை கொடுத்தால் இந்த வலி வராமல் தடுக்கலாம் என்று எழுதினார். அதே வருஷம் துருக்கியில் எமிர் ஓஸ்கானும் அதையே சொன்னார். கோல்சிசின் புது மருந்து அல்ல. யூரிக் ஆசிட் மூட்டுவலிக்குக் காலங்காலமாகக் கொடுத்து வந்ததுதான். வலி வந்த பிறகு சாப்பிடுகிற மருந்து அல்ல இது. வராமலிருக்க தினமும், ஆயுசு பூராவும் சாப்பிட வேண்டியது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள். பெரியவர்களுக்கே 3 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை.

இஸ்ரேல் டாக்டர்கள் 1986-ல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். கோல்சிசின் ஆரம்பிக்கும்போது சிறுநீரகம் கெடாமலிருந்தவர்கள் 960 பேர். பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் சிறுநீரில் புரதம் கண்டவர்கள் 4 பேர்தான். 'நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று ஒப்புக்கொண்டவர்கள் 54 பேர். அவர்களில் 16 பேருக்குப் புரதம் வந்துவிட்டது. 54-ல் 16!

அப்படியானால் ஏன் சாப்பிடாமல் விடுகிறார்கள்? நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற எண்ணம் ஒன்று. இன்னொன்று, மறுபடியும் வயிறுதான். கோல்சிசின் பலருக்குப் பேதியாக்கும். வயிற்றைப் பிடித்து இழுக்கும். குமட்டும். வயிற்றுவலிக்குக் கொடுத்த மருந்தே வயிற்றைக் கெடுக்கிறதே என்று வெறுத்துப்போய் டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். 'நிறுத்தியும் வலி வரவில்லை, பாருங்கள்' என்று சந்தோஷப்படுகிறார்கள். உள்ளே மெழுகு படிந்துகொண்டிருப்பது தெரியாது.

நிறுத்த வேண்டியதில்லை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் கொஞ்ச நாள் குறைத்து மெள்ளக் கூட்டுவார். ஒரே வேளையாகச் சாப்பிடுவதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பார். இந்த மருந்து, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கிற சக்தியைக் குடலில் குறைத்துவிடுகிறது. ஆகவே பால், பால்கோவா, ஐஸ்கிரீம் இவற்றைக் குறைத்தாலே பலருக்குப் பேதி அடங்கிவிடும். நன்றாகப் புளித்த தயிர், கடைந்த மோர் அவ்வளவாகத் தொந்தரவு தராது. பேதியான நாளில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி போதும். பொரித்தது, காரம் வேண்டாம். இது நம் பாட்டி சொல்வதும்தான், டாக்டர் சொல்வதும்தான்.

வேறு மருந்துகளோடு இது மோதும் என்பதையும் மறக்கக் கூடாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் கோல்சிசின் உடம்பில் தேங்கி விஷமாகிவிடும். சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கர்ப்பிணிகள் பயந்து தாங்களாகவே நிறுத்த வேண்டாம். கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தொடரலாம் என்பதுதான் இன்றைய நிபுணர்கள் கருத்து. ஒரு சிறு பகுதியினருக்குக் கோல்சிசின் போதுமான பலன் தருவதில்லை. அவர்களுக்கு அனகின்ரா, கனாகினுமாப் என்ற ஊசி மருந்துகள் இருக்கின்றன. விலை மட்டும் தலைசுற்ற வைக்கும்.

சித்தத்தில் இருக்கிறதா?

என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. எந்த நோயைச் சொன்னாலும் 'நம்ம சித்தர்கள் அப்பவே சொல்லிட்டாங்க' என்று பதில் எதிர்பார்க்கிறார்கள். வயிற்று நோயைக் குன்மம் என்றும், குன்மத்தை எட்டு வகை என்றும், குத்தும் வலியைச் சூலை என்றும் நம் முன்னோர் நுட்பமாகப் பிரித்தார்கள். கல்லூரியில் அதையெல்லாம் மனப்பாடம் செய்துதான் பாஸானேன். அதற்காக, ஜீனில் வருகிற இந்தக் கடல் காய்ச்சலைக் கொண்டுவந்து அதில் ஏதாவது ஒரு குன்மத்தில் திணிப்பது நியாயமில்லை. கோல்சிசினுக்குப் பதிலாக ஒரு லேகியம் தரட்டுமா என்று யாராவது சொன்னால், அவர் எந்த வைத்தியராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். சிறுநீரகம் அல்லவா பணயம்!

இங்கே இந்த நோய் மிக அபூர்வம். ஆகவே, உங்கள் பையனுக்கு இரண்டு தடவை வயிறு வலித்ததும் 'அதுவாக இருக்குமோ' என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பூச்சி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று சாதாரணக் காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆனால் வயிற்றுவலியும் காய்ச்சலும் ஒன்றாக, ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப வந்து தானாகவே போகிறது என்றால் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை டிகிரி, எப்போது விட்டது, மூட்டு வீங்கியதா, மலம் போனதா. வலி இருக்கும்போதே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். நல்லாயிருக்கும் நாளில் ரத்தம் எடுத்தால் பலருக்கு எல்லாம் சரியாகவே காட்டும். மூன்று நாளில் போய்விடுகிற நோயை டாக்டர் கண்ணால் பார்ப்பது அபூர்வம். அந்த நோட்டுதான் சாட்சி.

வேலியில் பூத்திருக்கும் மருந்து

கோல்சிசின் முதலில் கிடைத்தது ஐரோப்பாவில் பூக்கும் 'கோல்சிகம்' என்ற செடியிலிருந்து. 1820-ல் பிரான்ஸில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அதே சரக்கு இன்னொரு செடியிலும் இருக்கிறது. எது தெரியுமா? நம் செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்றெல்லாம் சொல்கிறோமே, அதேதான். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைத்துக் காய் பிடிக்க வைக்கிறார்கள். காயிலிருந்து எடுக்கும் விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்காராப் பையன் விழுங்கும் மாத்திரையில் நம் திண்டுக்கல் சீமை மண்வாசனை கொஞ்சம் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ மூட்டுவலிக்கு வேலியில் இருக்கிற கிழங்கைத் தட்டிப் போட்டுக் குடிக்கலாமா?' என்று தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள். இது கடும் விஷம். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. செடிக்குச் செடி வேறுபடும். எங்கள் வைத்தியத்தில் சுத்தி செய்யாமல் அதைத் தொடவே மாட்டோம். சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் நம் நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. வேகவைத்தால் விஷம் போகாது.

தின்ற சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், அடங்காத வாந்தி, தண்ணீராகப் பேதி ஆரம்பிக்கும். சாதாரண 'ஃபுட் பாய்சன்' மாதிரியே இருக்கும். ஒரு நாளில் கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரிந்து, அதன்பிறகு ரத்த அணுக்கள் குறைந்து, சிறுநீரகம் கெட்டு நிலைமை மோசமாகும். பிழைத்தவர்களுக்குப் பத்துப் பதினைந்து நாளில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். இதற்கு மாற்று மருந்து எளிதில் கிடைப்பதில்லை. பேதி நின்றுவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல், மிச்சமிருக்கும் கிழங்குத் துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன தின்றார் என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக நடக்கும்.